தொங்கலை விடுங்கள், கையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஆங்கிலேயக் கண்ணாடிச் சரவிளக்குகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. படங்களும் தெளிவாக இருந்தன. ஆனால் இரண்டு இடங்களில் கட்டுரை வழுக்கிவிட்டது. தொங்கல் மணிகளின் வடிவத்தை வைத்தே விளக்கின் காலத்தைச் சொல்லிவிடலாம் என்கிறது. அதை நம்பி வாங்குகிறவருக்குக் கைக்காசு போகும். கண்ணாடி துடைக்கும் திரவத்தை விளக்கின் மேல் தெளித்துத் தானாக வடிய விட்டால் பளபளத்துவிடும் என்றும் சொல்கிறது. அதை நம்பிச் செய்கிறவருக்கு விளக்கே போகும்.

சரவிளக்கில் முதலில் உடைவதும் தொலைவதும் தொங்கல்தான். மாற்றுவதற்கு எளிதும் அதுவே. ஒரு விளக்கு உடைந்தால் அதன் மணிகள் இன்னொரு விளக்குக்குப் போகும், அங்கே மிஞ்சியவை மூன்றாவதற்குப் போகும். 250 ஆண்டு தொங்கிய விளக்கில் முதலில் மாட்டிய மணிகள் அப்படியே இருந்தால் அது அதிசயம். தொங்கலைக் கொண்டு காலம் சொல்வது, சட்டைப் பொத்தானைப் பார்த்து ஆளின் வயதைச் சொல்வது போலத்தான். பார்க்க வேண்டியவை மூன்று: நடுத்தண்டு, தாங்குதட்டு, மெழுகுவத்தியை ஏந்தித் தண்டிலிருந்து வெளியே நீளும் கண்ணாடிக் கை.

ஜார்ஜியன் காலத்து (1714 முதல் 1830 வரை) விளக்கைத் தூரத்திலிருந்து பார்த்தால் உச்சியிலிருந்து அடிவரை ஒரே கண்ணாடித் தூண் தொங்குவதாகத் தெரியும். உள்ளே இருப்பது ஒரு உலோகக் கம்பி. துளையிட்ட கண்ணாடி உருண்டைகளையும் குடங்களையும் கிண்ணங்களையும் அதில் கோத்து, அடியில் ஒரு மரையால் நிறுத்தியிருப்பார்கள். கம்பி வெளியே தெரியாமலிருக்க வெள்ளி முலாம் பூசிய பித்தளைக் குழாய் அதைச் சுற்றி இருக்கும். எடை முழுவதையும் சுமப்பது கம்பி. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. எனவே எந்தக் கண்ணாடித் துண்டும் இன்னொன்றை இழுத்துத் தொங்காதபடி, ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி அமைத்திருக்கிறார்கள். துண்டுக்குத் துண்டு தக்கை, தோல் அல்லது துணியாலான வாஷர் இருக்கும். வாஷர் உளுத்துப்போய்க் கண்ணாடியும் கண்ணாடியும் நேராகத் தொட்டுக்கொண்டால் விளிம்பு செதில் செதிலாகப் பெயரும். ஆட்டம் காண்கிறதே என்று அடிமரையை மேலும் இறுக்குவார்கள். அன்றைக்குக் குடம் விரிசல் விடும். இறுக்குவதற்கு முன் வாஷரை மாற்றியிருந்தால் போதும்.

தண்டின் கீழ்ப்பாதியில் வட்டமான கனத்த பித்தளைத் தட்டு ஒன்று இருக்கும். அதுதான் தாங்குதட்டு. அதன் விளிம்பைச் சுற்றிச் சதுரத் துளைகள் உண்டு. கீழிருந்து பார்ப்பவருக்குத் தட்டு தெரியாமல் ஒரு பட்டை தீட்டிய கண்ணாடிக் கிண்ணம் அதை மறைத்திருக்கும். ஒவ்வொரு கண்ணாடிக் கையின் அடியிலும் பித்தளைக் குப்பி ஒன்று. அதிலிருந்து நீளும் சதுர முளை தட்டின் துளைக்குள் இறங்குகிறது. திருகு கிடையாது, ஆணியும் கிடையாது. கை வெளிப்பக்கமாகச் சாய்கிற எடையே முளையைத் துளைக்குள் கவ்வ வைக்கிறது. கழற்ற வேண்டுமானால் நேர் மேலே தூக்க வேண்டும். பல்பைக் கழற்றுகிற பழக்கத்தில் திருகினால் குப்பியின் வாயில் கை முறியும்.

குப்பியின் அடியை அல்லது முளையின் பக்கவாட்டைக் கூர்ந்து பார்த்தால் சிறிய எண் பொறித்திருக்கும், அல்லது அரத்தால் கீறிய கோடுகள் இருக்கும். தட்டின் துளை ஓரத்திலும் அதே குறி இருக்கும். இது அலங்காரத்துக்கு இட்டதல்ல. கைகள் கையால் வளைத்தவை, ஒன்று போல் ஒன்று வளையாது. கையைக் குப்பிக்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இட்டு நிறுத்தும்போது, அந்தத் துளையில் வைத்தே மெழுகுவத்தி செங்குத்தாக நிற்கும்படி சரிசெய்து இறுக விட்டிருக்கிறார்கள். ஐந்தாம் கையை எட்டாம் துளையில் போட்டால் அது உட்காரும். ஆனால் மெழுகுவத்தி சாயும், அடுத்த கையோடு மட்டமும் ஒத்துவராது. மற்றக் கைகளிலெல்லாம் குறி இருந்து, குறிகள் துளைகளோடு பொருந்தி, ஒன்றிரண்டு மட்டும் எண் இல்லாமல் இருந்தால் அந்த ஒன்றிரண்டு பின்னால் வந்தவை. காலத்தைக் கணிக்க ஆயிரம் தொங்கலைவிட இந்தக் கீறல்கள் உதவும்.

இந்த இணைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தின் பாத் நகரமே சாட்சி. அங்கே புதிய கூடல் மண்டபம் 1771 இலையுதிர் காலத்தில் திறக்கப்பட்டது. நடனக் கூடத்துக்கு ஜானதன் காலெட் ஐந்து விளக்குகள் செய்து கொடுத்திருந்தார். திறந்த சில வாரங்களுக்குள், கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் ஒரு விளக்கிலிருந்து கை கழன்று விழுந்தது. கீழே நின்றிருந்த ஓவியர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ மயிரிழையில் தப்பினார். ஐந்தையும் இறக்கிவிட்டார்கள். லண்டன் ஃப்ளீட் தெருவில் தொழில் செய்த வில்லியம் பார்க்கர், அதே மண்டபத்தின் தேநீர் அறைக்கு மூன்று விளக்குகள் செய்து கொடுத்தவர். நடனக் கூடத்துக்கும் 40 மெழுகுவத்தி ஏற்றும் ஐந்து விளக்குகளை அவரே செய்தார். காலெட்டின் விளக்குகளில் தேறிய பாகங்களைக் கொண்டு 48 மெழுகுவத்தி விளக்கு ஒன்று எண்கோண அறைக்காகக் கட்டப்பட்டது. 1942 ஏப்ரலில் அந்தக் கட்டடம் குண்டுவீச்சில் எரிந்தபோது, முன்னரே இறக்கிப் பத்திரப்படுத்தியிருந்ததால் விளக்குகள் பிழைத்தன. பார்க்கர் தண்டில் பழைய உருண்டைகளுக்குப் பதிலாகக் குட வடிவத்தைக் கொண்டுவந்தார், தொங்கல் சரங்களை வளைவாக மாட்டினார் என்றெல்லாம் எழுதுவார்கள். எங்கள் பார்வையில் அவருடைய பெருமை வேறு: அவர் செய்த கைகள் இன்றும் கீழே விழாமல் இருக்கின்றன.

கண்ணாடியைப் பற்றிக் கட்டுரை ‘படிகம்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டது. அது போதாது. லண்டன் கண்ணாடி வணிகர் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-இல் புதிய வகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றபோது அவருடைய கண்ணாடியில் நாளடைவில் நுண்விரிசல் ஓடி மங்கிவிடும் குறை இருந்தது. ஈய ஆக்சைடைக் கூட்டி அதைச் சரிக்கட்டினார். பிற்பாடு ஆங்கிலேயப் பட்டறைகளில் ஈய ஆக்சைடு எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் என்ற அளவில் நிலைத்தது. ஈயக் கண்ணாடி மெதுவாக இறுகும், எனவே கனத்த கோலாக இழுத்து நிதானமாக வளைக்க நேரம் கிடைக்கும். சோடாக் கண்ணாடியைவிட மென்மையானது என்பதால் சாணைக்கு எளிதில் இணங்கும். ஒளியை அதிகமாக வளைக்கும், நிறங்களாகவும் அதிகம் பிரிக்கும். வெனிஸ் நகரத்தார் சீக்கிரம் இறுகும் சோடாக் கண்ணாடியை ஊதி மெல்லிய பூவும் இலையுமாகச் செய்தார்கள். ஆங்கிலேயர் கனமாக வார்த்துப் பட்டை தீட்டினார்கள். ரசனை வேறுபாடு என்று இதைச் சொல்வதைக் காட்டிலும், உலையில் இருந்த குழம்பு வேறு என்று சொல்வதே பொருத்தம்.

கை உள்ளீடற்ற குழாய் அல்ல, திடமான கோல். உருகிய கண்ணாடியை இரும்புக் கம்பி முனையில் திரட்டி, இரும்புப் பலகையில் உருட்டி, மறுமுனையை இன்னொருவர் பற்றி இழுப்பார். இழுத்த கோல் இளகிய நிலையில் இருக்கும்போதே வரைந்து வைத்த வடிவத்துக்கு ஏற்ப வளைப்பார்கள். அடிப்பக்கம் பருமனாகவும் நுனி ஒல்லியாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் முறிக்கும் விசை அடியில்தான் அதிகம். பிறகு சீராக ஆற வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஆற்றினால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். சாணை பட்டதும் கோல் இரண்டாகும். ஆறிய கோலில் நீளவாக்கில் ஆறு தட்டைப் பட்டைகள் தீட்டி, விளிம்புகளில் வரிசையாகக் குழிக்கீறல் இடுவது 18-ஆம் நூற்றாண்டின் வழக்கம். வழவழப்பான உருண்டைக் கோலில் ஒரே ஒரு ஒளிக்கோடுதான் ஓடும். பட்டையும் கீறலும் அதைப் பல துளிகளாக உடைக்கின்றன.

பட்டை தீட்டுவது நான்கு கட்டம். முதலில் இரும்புச் சக்கரம்; அதன்மேல் ஈரமணல் சொட்டிக்கொண்டே இருக்க, வடிவம் கரடுமுரடாக வெட்டப்படும். அடுத்து தண்ணீர் சொட்டும் மணற்கல் சக்கரம். மணல் விட்ட காயங்களை அது ஆற்றும். மூன்றாவது மென்மரச் சக்கரம், நுரைக்கல் பொடியோடு. கடைசியில் வெள்ளீய ஆக்சைடு கலந்த பொடி. இந்தக் கடைசிப் பளபளப்பைப் பிற்காலத்தில் ஹைட்ரோஃபுளோரிக், கந்தக அமிலக் கலவையில் முக்கி எடுத்து முடித்துவிட்டார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பார்கள். தெரியும். சக்கரத்தில் மெருகேற்றிய பட்டையின் தளம் தட்டையாக இருக்கும். இரண்டு பட்டைகள் சந்திக்கும் விளிம்பு நகத்தில் சுருக்கென்று படும். சாய்த்து விளக்கொளியில் பிடித்தால் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் தென்படும். அமிலத்தில் முக்கியதில் விளிம்பு மழுங்கியிருக்கும், தளத்தில் லேசான அலை இருக்கும். 1780-ஐச் சேர்ந்தது என்று விற்கப்படும் கையில் மழுங்கிய விளிம்பைக் கண்டால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி வடிவம் மாறிய கதை. கட்டுரை இதை முழுக்க நாகரிக மாற்றம் என்று எழுதியிருக்கிறது. நாகரிகத்துக்கு இணையாகக் கலால் வரிக்கும் இதில் பங்குண்டு. 1745-ஆம் ஆண்டுச் சட்டம் ஈயக் கண்ணாடிக்கு 112 பவுண்டு எடைக்கு 9 ஷில்லிங் 4 பென்ஸ் விதித்தது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்; கணக்குப் போட்டால் பவுண்டு எடைக்குச் சரியாக ஒரு பென்னி. வரி மூலப்பொருளின் எடைமேல் விழுந்ததால், சாணையில் தூளாகிச் சேற்றோடு போகும் கண்ணாடிக்கும் வரி கட்டியாக வேண்டும். 1777-இல் வரி இரட்டிப்பானது. ஆழமாக வெட்டக் கனமான கண்ணாடி வேண்டும், கனத்துக்கு வரி வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக் கைகள் ஒல்லியாகவும் பட்டைகள் ஆழமின்றியும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1845-இல் வரி நீக்கப்பட்டபின் வந்தவற்றைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும், கை கனக்கும்.

அயர்லாந்துக்கு இந்த வரி 1825 வரை இல்லை. ஆங்கிலேயத் தொழிலாளர்கள் அங்கே போனதற்கு அதுவே தூண்டுதல். வாட்டர்ஃபோர்டில் பென்ரோஸ் குடும்பத்தார் 1783-இல் தொடங்கிய தொழிற்சாலையை நடத்தத் தொழில்நுட்பம் தெரிந்த ஜான் ஹில், இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜிலிருந்து போனவர். கட்டுரையின் நான்காம் படத்துக்குக் கீழே ‘வாட்டர்ஃபோர்டு, 1760’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தத் தொழிற்சாலை தொடங்கவே அதற்குப் பின் 23 ஆண்டுகள் ஆயின. போகட்டும், படத்தில் இருக்கும் விளக்கின் கைகள் கயிறு முறுக்கியது போல் முறுக்கு வைத்தவை, தட்டுகளைச் சுற்றித் தொங்குவன நீண்ட முப்பட்டைத் தொங்கல்கள். இரண்டும் சேர்ந்து வருவது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆங்கிலேய வேலையில். பழைய விளக்குக்கெல்லாம் ‘வாட்டர்ஃபோர்டு’ என்று பெயர் சூட்டுவது ஏலக்காரர்களின் நெடுநாள் பழக்கம். பத்திரிகை அதற்குத் துணைபோக வேண்டியதில்லை. ‘நீலம் கலந்த சாம்பல் நிறமே வாட்டர்ஃபோர்டின் அடையாளம்’ என்பதும் கதை. மூலப்பொருளில் இருந்த மாசும் நிறத்தை அகற்றச் சேர்த்த மாங்கனீசும் தந்த சாயல் அது, ஆங்கிலேய உலைகளிலும் வந்தது.

19-ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் கை கிட்டத்தட்ட மறைந்தே போனது. மேலே ஒரு சிறிய பித்தளை வளையம், நடுவே பெரிய வளையம். இரண்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மணிச்சரங்கள் கூடாரம் போல விரியும். பெரிய வளையத்திலிருந்து கீழே பை போலக் குவியும், அல்லது அடுக்கடுக்காக அருவி போல இறங்கும். இந்த வகையில் சரத்தை எண்ணுவதைவிட மணிகளின் அளவு வரிசையைப் பாருங்கள். கூடாரச் சரத்தில் உச்சியில் சிறிய எண்கோண மணி, கீழே வர வர பெரியது. பைச் சரத்தில் நேர்மாறு. எல்லாச் சரமும் ஒரே வீதத்தில் வளர வேண்டும், அப்போதுதான் கூடாரத்தின் வளைவு ஒழுங்காக விழும். நடுவில் ஒரே அளவு மணிகள் நான்கைந்து தொடர்ந்து வந்தால், அந்தச் சரம் அறுந்து கையில் கிடைத்ததைக் கோத்திருக்கிறார்கள் என்று பொருள். சரத்தின் நீளம் சரியாக இருந்தாலும் தொய்வு காட்டிக்கொடுத்துவிடும்.

வரி போனபின் காட்சி மாறியது. பர்மிங்காமில் 1807-இல் தொடங்கிய ஆஸ்லர் நிறுவனம் 1851 லண்டன் பெருங்கண்காட்சிக்காக 27 அடி உயரத்தில், 4 டன் கண்ணாடியில் ஒரு நீரூற்றையே செய்து நிறுத்தியது. உலோகத்தை உள்ளே மறைத்துக் கண்ணாடியை வெளியே நிற்க வைக்கும் அதே சரவிளக்கு வித்தைதான்.

தொங்கல் அசலா என்று சோதிக்கவே வழியில்லையா என்று வாசகர் கேட்கலாம். காலத்தைச் சொல்ல வழியில்லை. கண்ணாடியின் இனத்தைச் சொல்ல வழி உண்டு. தொங்கலை மாட்டும் பித்தளை ஊசிகளைக் கழற்றிவிடுங்கள், பித்தளையின் எடை கணக்கைக் கெடுக்கும். டிஜிட்டல் தராசில் உலர்ந்த எடையைக் குறியுங்கள். பிறகு தராசின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைச் சுழியாக்கி, தொங்கலை மெல்லிய நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் முழுக்க நீரில் மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் எண்தான் தொங்கலின் கன அளவு, கன சென்டிமீட்டரில். 28 கிராம் தொங்கல் 9 காட்டினால் அடர்த்தி 3.1, அது ஈயம் நிறைந்த கண்ணாடி. 11.2 காட்டினால் 2.5, சாதாரண சோடாக் கண்ணாடி. துளையில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், நூலை லேசாகச் சுண்டி விடுங்கள். இக்காலத்து ஈயக் கண்ணாடியும் 2.9-க்கு மேல் காட்டும் என்பதால், இந்தச் சோதனை போலியைத் தள்ளுவதற்குத்தான், அசலை நிரூபிப்பதற்கு அல்ல. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் ஈயக் கண்ணாடி மங்கிய நீலமாகவும், சோடாக் கண்ணாடி பெரும்பாலும் பச்சையாகவும் ஒளிரும். ஒரே விளக்கின் துண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட இது கைகொடுக்கும். கூடவே ஊசியையும் பாருங்கள்: பழையது வெள்ளி முலாம் பூசிய பித்தளைக் கம்பி, கையால் வளைத்தது, ஒன்று போல் ஒன்று இராது. பளபளக்கும் முலாம் பூசிய, ஒரே அச்சில் வார்த்தது போன்ற வண்ணத்துப்பூச்சிக் கொக்கி என்றால் அது அண்மைக்காலத்துக் கோர்ப்பு.

இப்போது அந்தத் தெளிப்பான் யோசனைக்கு வருவோம். தெளித்த திரவம் கண்ணாடியோடு நிற்பதில்லை. அது கையின் வளைவில் ஓடிக் குப்பிக்குள் இறங்கும். அங்கே இருப்பது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஈரம் பட்டால் இளகும், கை ஆடத் தொடங்கும். தண்டுக்குள் இறங்கினால், கம்பி இரும்பாக இருக்கும் பட்சத்தில் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். உள்ளேயிருந்து நெட்டித் தள்ளிக் குடத்தைப் பிளக்கும். திரவத்தில் அமோனியா இருந்தால் இன்னும் மோசம். இழுத்து நீட்டி வளைத்த பித்தளைக் கம்பியில் உள்ளிறுக்கம் இருக்கும். அமோனியா பட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் வெடித்துக்கொண்டே போகும். தெளித்த அன்று ஒன்றும் ஆகாது. சில மாதம் கழித்து, யாரும் தொடாதபோது ஒரு தொங்கல் தரையில் கிடக்கும். ‘காற்றில் விழுந்தது’ என்பார்கள்.

செய்ய வேண்டியது இது. முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். சரங்களையும் தொங்கல்களையும் கீழடுக்கிலிருந்து மேல்நோக்கிக் கழற்றி, எந்தக் கை, எந்தத் தட்டு என்று சீட்டு கட்டிய தனித்தனிப் பைகளில் போடுங்கள். அடுத்து, உருகி வழியும் மெழுகை ஏந்தும் மெழுகுத்தட்டுகள். பிறகு கைகள், எதிரெதிர் ஜோடியாக: 12 கை விளக்கென்றால் 1, 7, பிறகு 4, 10, இப்படி. ஒரு பக்கமாகவே உருவிக்கொண்டு போனால் விளக்கு சாயும், தண்டுக் கம்பி வளையும், வளைந்த கம்பி கண்ணாடிக் குடத்தின் வாயை நெரிக்கும். அடிமரையை மட்டும் தனி ஆளாகத் தொடாதீர்கள். மேலே இருக்கிற அத்தனை கண்ணாடியும் அதன் மேல்தான் நிற்கிறது. ஒருவர் கீழிருந்து தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் கழற்ற வேண்டும். பருத்திக் கையுறை வழுக்கும், நைட்ரைல் கையுறை நல்லது.

குப்பி இல்லாத துண்டுகளை, அடியில் துண்டு விரித்த பிளாஸ்டிக் தொட்டியில், வெதுவெதுப்பான நீரில் நடுநிலைச் சோப்புத் திரவம் சில துளி விட்டு ஒவ்வொன்றாகக் கழுவலாம். சுடுநீர் ஆகாது, கனமான கண்ணாடியின் மேற்பரப்பு விரிந்து உள்பகுதி விரியாமல் நின்றால் விரிசல்தான். வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) அலசி, நூல் உதிராத துணியால் ஒற்றி எடுங்கள். குப்பியுள்ள கைகளை நீரில் முக்கக் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வாலைவடிநீரும் சமமாகக் கலந்து, பஞ்சில் நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும்.

கை ஆடினால் உடனே எபாக்சிப் பசையைத் தேடி ஓடுகிறார்கள். சூட்டில் பித்தளை ஈயக் கண்ணாடியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். நடுவே பிளாஸ்டர் இருந்தால் அது அந்த இழுபறியை வாங்கிக்கொண்டு தான் நொறுங்கும். எபாக்சி நொறுங்காது, கண்ணாடியை நொறுக்கும். பழைய பிளாஸ்டரை ஈரப்படுத்திக் குத்தி எடுத்து, புதிதாகக் குழைத்து நிரப்பி, கையை அதற்குரிய துளையில் நிறுத்தி, மெழுகுத்தட்டின் மேல் சிறிய ரசமட்டம் வைத்து இரு திசையிலும் சரிபார்த்த பின் அசைக்காமல் இறுக விடுங்கள். இறுகும்போது பிளாஸ்டர் சற்றே உப்பும் என்பதால் பிடிமானம் தானே வரும். கை நடுவில் முறிந்திருந்தால் பசை மட்டும் அந்தச் சுமையைத் தாங்காது. முறிவின்மேல் வெள்ளி முலாம் பூசிய பித்தளை உறை போட வேண்டும். பார்வைக்கு உறுத்தும்தான். நேர்மையான பழுது அப்படித்தான் இருக்கும், பழைய விளக்குகளில் அத்தகைய உறைகள் நிறையவே உண்டு.

விளக்கேற்றுவது பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இருந்தது, ‘அரண்மனைப் பிரகாசம்’ என்று. வெளிச்சத்தை லூமென் என்ற அலகில் அளப்பார்கள்; ஒரு மெழுகுவத்தி தருவது சுமார் 12 லூமென். பாத் நடனக் கூடத்தின் ஐந்து விளக்குகளிலும் சேர்த்து 200 மெழுகுவத்தி; மொத்தம் சுமார் 2,400 லூமென். இன்றைய 9 வாட் எல்இடி பல்பு மூன்று தருகிற வெளிச்சம், 100 அடிக்கு மேல் நீளமான மண்டபத்துக்கு. அவ்வளவு குறைந்த வெளிச்சத்தைப் பலவாகக் காட்டத்தான் இத்தனை பட்டையும். சுடரின் சிறிய புள்ளியைத்தான் பட்டை நிறங்களாக உடைக்கும். பால்வெள்ளை பல்பைப் போட்டால் புள்ளி பரப்பாகிவிடும், தொங்கல் செத்துவிடும். 2,200 கெல்வின் அல்லது அதற்கும் குறைந்த நிறவெப்பம் உடைய (சுடர் போல் மஞ்சள் சாய்ந்த), இழை தெரிகிற சின்னத் தெளிகண்ணாடி எல்இடியே பொருந்தும்.

மின்சாரம் கொடுக்க மெழுகுத்தட்டையோ கையையோ துளைக்க வேண்டாம். இந்த வேலை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து எத்தனையோ நல்ல விளக்குகளை ஊனமாக்கியிருக்கிறது. மெழுகுவத்திக் குழிக்குள் இறங்கும் தனி ஹோல்டரும், கையின் அடிப்பக்கத்தை ஒட்டி ஓடும் மெல்லிய வயரும் போதும். பழைய பிவிசி வயர் நாளாக ஆகப் பிசுபிசுத்துக் கண்ணாடியில் ஒட்டும், அதை எடுத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: நடுத்தண்டை எர்த் செய்துவிட்டோம் என்று மின்பணியாளர் சொன்னால் பாதிதான் சரி. கண்ணாடிக் கை மின்சாரத்தைக் கடத்தாது. நுனியில் இருக்கும் பித்தளை உறுப்புக்கும் தண்டுக்கும் தொடர்பே இல்லை. அங்கே வயர் உரசி உரிந்தால் அந்த உறுப்பில் மின்சாரம் நிற்கும், ஃபியூஸும் போகாது. மின்மாற்றியை உத்தரத்துக்கு மேலே வைத்து, விளக்குக்கு 12 வோல்ட் மட்டும் இறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழங்கண்ணாடி விளக்குகளைச் செப்பனிடும் பணியில் உள்ள வாசகர்கள்